தமிழ்ப் படத்துக்கு தியேட்டர் வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2025 ஆகஸ்ட்ல சிங்கப்பூர்ல ப்ரொஜெக்டர்ங்கற தியேட்டர மூடுனாங்க, அடுத்த மாசமே கேத்தே சினிபிளெக்ஸ் தியேட்டருங்களும் போச்சு. 1939லயே இங்க ஏர்கான் தியேட்டர் திறந்த பேரு அது. வீட்டுலயே பார்த்துக்கலாமே, தியேட்டர் எதுக்குன்னு பல பேரு சொல்றாங்க, எனக்கு மனசு கேக்கல, அதான் எழுதறேன்.

எங்கம்மாவுக்கு 74 வயசு. வீட்டுல பெரிய டிவி இருக்கு, ரெண்டு ஆப்புக்கு மாசாமாசம் காசு கட்டுறேன், ஆனா அவங்க ஒரு படத்தயாவது முழுசா பார்த்ததில்ல. குக்கர் விசில் அடிச்சா எந்திரிப்பாங்க, ஊர்லேர்ந்து போன் வந்தா அரை மணி நேரம், திரும்பி வந்து உக்காந்து இவன் யாருடைய அண்ணன்னு என்கிட்ட கேப்பாங்க, அப்புறம் அப்படியே தூங்கிடுவாங்க. அதே அம்மா தியேட்டர்ல குளிருக்கு சால்வைய போத்திக்கிட்டு கண்ண எடுக்காம பார்ப்பாங்க, பக்கத்து சீட்டுல முன்னப்பின்ன தெரியாத பொண்ணு அழுதா கைப்பையிலேர்ந்து டிஷ்யூ எடுத்து நீட்டுவாங்க.

மெக்கன்ஸி ரோடு ரெக்ஸ், 1946ல திறந்த தியேட்டர், 2009லேர்ந்து அங்க இந்தியப் படங்க ஓட ஆரம்பிச்சப்போ ஞாயித்துக்கிழமை பக்கத்துல லிட்டில் இந்தியா தேக்கால சாப்ட்டுட்டு நடந்தே போயிடுவோம். ஊர்லேர்ந்து வேலைக்கு வந்த தம்பிங்களும் கூட்டமா வருவாங்க, ஹீரோ பேரு திரையில வந்ததும் விசில் பறக்கும். அவங்க தங்கற டார்மெட்ரில ஒரு போன சுத்தி நாலு பேரு படுத்துக்கிட்டு பார்க்கறதும் இதுவும் ஒண்ணாகுமா?

விலை ஜாஸ்திதான், அத நான் மறுக்கல. குடும்பத்தோட நாலு பேரு போனா பாப்கார்ன் எல்லாம் சேர்த்து எங்களுக்கு நூறு வெள்ளிகிட்ட வந்துடுது. இதுல நாலு வாரத்துல ஓடிடில வந்துடும்னா யாருதான் காத்திருக்க மாட்டாங்க? அத எட்டு வாரமாக்குங்கன்னு தமிழ்நாட்டு தியேட்டர்காரங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க, அது நடந்தா இங்க இருக்கற தியேட்டருக்கும் நல்லது.

இங்க தமிழ்ப் படம் போடறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். வாரநாள் மதியம் மூத்தவங்களுக்கு ஒரு காட்சி, ஞாயிறு மதியம் ஒர்க் பெர்மிட் தம்பிங்களுக்கு ஒரு காட்சி, பத்து வெள்ளிக்குள்ள டிக்கெட் குடுங்க. எப்படியும் பாதி சீட்டு காலியா ஓடற நேரம்தானே. எங்கம்மா பக்கத்து பிளாக் சிநேகிதிங்க நாலு பேரையும் கையோட கூட்டிக்கிட்டு வந்துடுவாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஈசூன்