மருத்துவச்சியின் கையும் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் புதிதாகக் குடியேறிய காலத்து மருத்துவச்சிகளை அவர்களின் கொள்ளுப்பேத்திகள் நினைவுகூரும் கட்டுரையை உங்கள் ஞாயிறு இணைப்பில் படித்தோம். நல்ல கட்டுரைதான். ஆனால் பக்கம் முழுக்க மூலிகை வாசம் வீசுகிறது. கையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்தப் பெண்கள் தாய்களைக் காப்பாற்றியதில் மூலிகைக்குப் பெரிய பங்கில்லை. போதாக்குறைக்குப் பெட்டிச் செய்தியாகக் கஷாயக் குறிப்புகளை வேறு கொடுத்திருக்கிறீர்கள். அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

இன்றைய மெய்ன் மாநிலத்தில், கென்னபெக் ஆற்றங்கரை ஹாலோவெல்லில் வாழ்ந்த மார்த்தா பல்லார்ட் 1785 முதல் 1812 வரை நாட்குறிப்பு எழுதினார். அதில் 816 பிரசவங்கள் பதிவாகியுள்ளன. பிரசவத்தின்போதே இறந்த தாய் ஒருவரும் இல்லை. பேறுகாலப் படுக்கையில் பின்னர் இறந்தவர்கள் ஐந்து பேர். ரத்தம் ஏற்றவோ, நோய்க்கிருமியைப் பற்றி அறியவோ வழியில்லாத காலம் அது. அதே மெய்னில் 1795-இல் பிறந்தவர் பாட்டி செஷன்ஸ் (ஆங்கிலப் பெயர்தான், நம் காதில்தான் உறவுமுறையாக விழுகிறது). 52 வயதில் மாட்டு வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு 1847 செப்டம்பரில் யூட்டாவின் சால்ட் லேக் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தார். வாழ்நாளில் அவர் பார்த்த பிரசவங்கள் நாலாயிரத்தை ஒட்டும்.

இது எப்படிச் சாத்தியமானது? அதே 1847-இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் கண்டது பாதி விடை. 1841 முதல் 1846 வரை, அங்கே மருத்துவ மாணவர்கள் பார்த்த பிரிவில் நூற்றுக்குப் பத்துத் தாய்கள் இறந்தார்கள். மருத்துவச்சி மாணவிகள் பார்த்த பிரிவில் நாலு பேர். மாணவர்கள் பிணத்தை அறுத்துவிட்டு அதே கையோடு பிரசவத்துக்கு வந்ததுதான் காரணம். நாட்டுப்புற மருத்துவச்சி பிணம் அறுக்கவில்லை, ஒரு சமயத்தில் ஒரு வீட்டுக்குத்தான் போனாள், உள்ளே கைவிட்டுப் பார்ப்பதும் குறைவு. அவளுக்கும் பிரசவ ஜன்னியின் (பிரசவத்துக்குப் பின் தாயைக் கொல்லும் காய்ச்சல்) காரணம் தெரியாது. ஜன்னி கண்ட வீட்டிலிருந்து நேரே அடுத்த வீட்டுக்குப் போனால் அவள் கையும் அதைச் சுமந்துதான் போகும்.

மீதிப் பாதி விடை, குழந்தை பிறந்த பிறகு வரும் அரை மணி நேரத்தில் இருக்கிறது. தாய்கள் பலர் செத்ததும் அனுபவசாலி வேறுபட்டதும் இந்த இடத்தில்தான். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டர் அளவுக்கு ரத்தம் பாய்கிறது. நஞ்சு (நஞ்சுக்கொடி, அதாவது பிளசென்டா) பிரிந்ததும் கர்ப்பப்பைத் தசை இறுகி அந்த ரத்தக்குழாய்களை நெரித்தாக வேண்டும். இறுகாவிட்டால் சில நிமிடங்களில் தாய் வெளுத்துவிடுவாள். கைதேர்ந்தவள் அடிவயிற்றில் உள்ளங்கையை வைத்துக் காத்திருப்பாள். பிரிந்ததற்கு மூன்று அடையாளங்கள்: கொஞ்சம் ரத்தம் குபுக்கென்று வரும், வெளியே தெரியும் தொப்புள்கொடி தானே நீளும், கர்ப்பப்பை உருண்டு கெட்டியாகி மேலே எழும்பும். அதற்கு முன்னால் கொடியைப் பிடித்து இழுத்தால் கொடி அறும், நஞ்சில் துண்டு உள்ளேயே தங்கும், மோசமானால் கர்ப்பப்பையே உட்புறம் வெளியாகப் புரண்டு வந்துவிடும். நஞ்சு விழுந்ததும் அதை விரித்து, மடல் எதுவும் குறைகிறதா என்று பார்ப்பார்கள். துண்டு தங்கினால் கர்ப்பப்பை முழுதாக இறுகாது, ரத்தமும் நிற்காது. வயிறு தொளதொளத்தால் தேய்த்து இறுக்குவார்கள். குழந்தையை மார்பில் போடுவார்கள். பால் குடிக்கும்போது கர்ப்பப்பை சுருங்குகிறது என்பது அவர்கள் கண்டறிந்த உண்மை. அதன் காரணம் ஆக்ஸிடாஸின் என்ற ஹார்மோன் என்பது பின்னால் தெரிந்தது.

தொப்புளில் கருக்கிய லினன் துணியை வைப்பதும் அன்றைய வழக்கம். ஏன் கருக்க வேண்டும் என்று கேட்டிருந்தால் சரியான பதில் கிடைத்திருக்காது. ஆனால் அந்தச் சூடு துணியில் இருந்த கிருமிகளைக் கொன்றது. அழுக்குக் கத்தி, அழுக்குத் துணி என்றால் பச்சிளங்குழந்தைக்கு இசிவு கண்டு தாடை பூட்டிக்கொள்ளும்.

இனி அந்தப் பெட்டிச் செய்தி. ராஸ்ப்பெரி இலைத் தேநீரை விட்டுவிடலாம். லோபிலியா என்ற செடி அப்படியல்ல. சாமுவேல் தாம்சன் என்பவர் 1813-இல் காப்புரிமை வாங்கிய வைத்திய முறையின் தலைமைச் சரக்கு அது; வாந்திக்குக் கொடுப்பார்கள், அளவு மீறினால் விஷம். டாக்டர்கள் பாதரச உப்பைக் கொடுத்தும் ரத்தத்தை வடித்தும் ஆளைக் குலைத்துக்கொண்டிருந்த காலத்தில் மக்கள் இதன் பக்கம் சாய்ந்ததில் நியாயம் உண்டு. ஆனால் இன்று அதை 'இரண்டு ஸ்பூன்' என்று அச்சிடுவதில் என்ன நியாயம்? எர்காட்டையும் மூலிகை என்று போட்டிருக்கிறீர்கள். அது ரை தானியக் கதிரில் வளரும் பூஞ்சை. 1808-இல் ஜான் ஸ்டேர்ன்ஸ் என்ற மருத்துவர் பிரசவத்தை விரைவாக்க அதைப் பரிந்துரைத்தார். அது தரும் வலி விட்டுவிட்டு வராது. கர்ப்பப்பை இறுகியபடியே நிற்கும். உள்ளிருக்கும் குழந்தைக்கு மூச்சு முட்டும், கர்ப்பப்பை கிழியவும் கூடும். 1824-இல் நியூயார்க்கின் டேவிட் ஹொசாக், குழந்தை வெளிவந்த பிறகு ரத்தப்போக்கை நிறுத்த மட்டும் அதைப் பயன்படுத்தலாம் என்று எச்சரித்தார். அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள்.

தங்கள் மூதாட்டியின் வரலாற்றைத் தேடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1850 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர் தொழில் கிடைக்காது. அந்தக் கேள்வி 15 வயதைக் கடந்த ஆண்களுக்கு மட்டும்தான். 1860-இல் பெண்களிடமும் கேட்டார்கள், 1870-லோ பெரும்பாலும் 'வீட்டு வேலை' என்றே எழுதினார்கள். யூட்டாவில் மாநில அளவிலான பிறப்புப் பதிவு தொடங்கியதே 1905-இல்தான். ஆகவே நாட்குறிப்பே சாட்சி. அதில் 'இன்னாரைப் படுக்கையில் இட்டேன், மகன்' என்ற பாணியில் இருந்தால், பிரசவம் பார்த்ததாகப் பொருள். அழைப்பு வந்த நாளும் குழந்தை பிறந்த நாளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ராத்திரிப் பிரசவங்களில் தேதியை ஒட்டியுள்ள பதிவுகளோடு ஒப்பிடுங்கள். ஓரக் குறிகளையும் விடாமல் படியெடுங்கள். மார்த்தா பல்லார்டின் ஏட்டோரத்தில் இரண்டு பெருக்கல் குறி இருந்தால், அந்தப் பிரசவத்துக்குக் கூலி வந்துவிட்டது என்று அர்த்தம்.

இங்ஙனம்,
மகப்பேறு செவிலியம் கற்பிக்கும் இருவர்