செயலாளரின் ஆண்டறிக்கை: மினார்ஸ்கி நினைவுப் பலகை

மதிப்புக்குரிய தலைவர், செயற்குழுவினர், அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இவ்வாண்டு சங்கத்தின் உழைப்பில் பெரும்பகுதி ஒரே வேலைக்குப் போயிற்று: இரண்டாம் உலகப் போரில் உயிர்நீத்த, கனடிய வான்படையின் அன்ட்ரூ சார்ல்ஸ் மினார்ஸ்கிக்குத் தமிழில் ஒரு நினைவுப் பலகை எழுதுவது. போலந்திலிருந்து குடியேறிய பெற்றோருக்கு 1916இல் வின்னிபெக்கில் பிறந்தவர். 419ஆம் ஸ்குவாட்ரன் என்ற படைப்பிரிவின் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் ஒன்றில், விமானத்தின் முதுகில் அமைந்த துப்பாக்கிக் கூண்டே அவருடைய இடம்.

முதல் வரைவில், "சிக்கிய நண்பனை மீட்கப் போராடினார்" என்ற ஒரு வரியோடு நிறுத்தியிருந்தோம். செயற்குழு அதைத் திருப்பி அனுப்பியது சரியே. அந்த நண்பர் சிக்கியிருந்த, வாலில் உள்ள பின்கூண்டின் பொறியமைப்பு தெரியாமல் அந்தப் போராட்டம் விளங்காது.

லங்காஸ்டரின் துப்பாக்கிக் கூண்டுகள் என்ஜின்களோடு இணைந்த பம்புகள் தரும் எண்ணெய் அழுத்தத்தால் சுழன்றன. வாலில் உள்ள கூண்டுக்கு அழுத்தம் தந்தது இடப்புற வெளி என்ஜின். உள்ளே இருப்பவர் விமான உடலுக்குள் வர வேண்டுமானால் கூண்டு நேராக நின்று, அதன் கதவு உடற்பகுதியின் திறப்போடு பொருந்த வேண்டும். நேரே வெளியே குதிப்பதென்றால் கூண்டை முழுதும் பக்கவாட்டில் திருப்பி, கதவு வழியே முதுகுப்புறமாக விழ வேண்டும். இடையில் நின்றுவிட்டால் இரண்டு வழியும் இல்லை. அழுத்தம் போனால் கையால் சுற்றும் பிடி ஒன்று உண்டு; அது மிக மெதுவானது.

1944 ஜூன் 12 இரவு புறப்பட்ட கேபி 726 விமானம், பிரான்சின் கம்ப்ரே ரயில் நிலையத்தைத் தாக்கச் சென்றபோது ஜெர்மானிய இரவுச் சண்டை விமானத்தின் குண்டுகளுக்கு இலக்காயிற்று. இடப்புற என்ஜின்கள் இரண்டும் நின்றன. பின்கூண்டு அசையாமல் போயிற்று. அதிலிருந்த பேட் பிரோஃபி திருகியதில் கைப்பிடியும் உடைந்தது. கூண்டுகள் இரண்டுக்கும் நடுவே தீ. மினார்ஸ்கி கோடரியாலும் வெறுங்கையாலும் முயன்றார். அதற்குள் இடுப்புவரை உடையும் பாராசூட்டும் பற்றிக்கொண்டன. பிரோஃபி போகச் சொல்லிக் கையசைத்தார். மினார்ஸ்கி நிமிர்ந்து நின்று அவருக்கு வணக்கம் செலுத்திவிட்டே குதித்தார். தரையில் பிரெஞ்சு மக்கள் கண்டெடுத்தபோதும், தீக்காயங்களால் அவர் இறந்தார். விமானம் தரையில் மோதியபோது வால் தனியே பிய்த்தெறியப்பட்டது, பிரோஃபி பிழைத்தார். விமானத்தில் இருந்த எழுவரில் இறந்தவர் மினார்ஸ்கி ஒருவரே. கண்ணால் கண்ட ஒரே சாட்சி பிரோஃபிதான். அவர் திரும்பி வந்து சொன்ன பிறகே நடந்தது தெரிந்தது. வீரத்துக்கான மிக உயர்ந்த பிரித்தானிய விருதான விக்டோரியா சிலுவை அவருக்கு 1946 ஒக்டோபரில் அறிவிக்கப்பட்டது.

எழுதும்போது நாம் திருத்திய பிழைகள்: இரவுத் தாக்குதலுக்கு இரண்டு தேதி உண்டு. புறப்பட்டது 12, இறந்தது 13. கல்லறைப் பதிவில் உள்ள 13ஐயே பலகையில் வைத்தோம். பதவி உயர்வு அந்த நாட்களிலேயே கிடைத்ததால், பழைய தாள்களில் பதவிப் பெயர் மாறி வரும். கனடாவின் ஹாமில்டனில் இன்றும் பறக்கும் லங்காஸ்டர் அவர் பெயரும் அவருடைய விமானத்தின் வி.ஆர்–ஏ எழுத்துகளும் தாங்கியிருந்தாலும், அது எஃப்எம் 213 என்ற வேறு விமானம். 1945இல் கனடாவின் மால்டனில் கட்டப்பட்டது, 1988இல் மீண்டும் பறந்தது. அவர் பறந்த விமானம் அன்று பிரான்சில் எரிந்தது. பலகையின் படத்துக்குக் கீழே இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறோம். பார்வையாளர் அதிகம் தவறுவது இங்கேதான்.

இப்படி இன்னொருவரைப் பற்றி எழுத விரும்பும் அங்கத்தவர்கள் மூன்று தாள்களை ஒப்பிடுக: போர்க்கல்லறை ஆணையத்தின் பதிவு, லண்டன் கியூவில் உள்ள பிரித்தானிய தேசிய ஆவணக்காப்பகத்தின் ஸ்குவாட்ரன் நடவடிக்கைப் பதிவேடு, கனடியர் என்றால் ஒட்டாவா ஆவணக்காப்பகத்தின் பணிக்கோப்பு. ஒன்றை மட்டும் நம்பக் கூடாது.

மற்ற கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் முன்வைப்பார். மெஹாரிகூர் கிராமக் கல்லறையில் உள்ள மினார்ஸ்கியின் கல்லைப் படமெடுத்து அனுப்பக்கூடியவர்கள், பிரான்சுக்குப் போகும் முன் செயலாளரிடம் சொல்லுங்கள்.