புற்றுக்கட்டியின் இறுக்கம் குறித்து

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழில் வெளியான புற்றுநோய்க் கட்டுரை மரபணுப் பிறழ்வுகளைத் தெளிவாக விளக்கியிருந்தது. ஆனால், கட்டி கைக்குக் கெட்டியாகத் தட்டுப்படுவதை நோயின் அடையாளம் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அது மேலே சென்றுவிட்டது. அந்த இறுக்கமே நோயை வளர்க்கும் காரணங்களுள் ஒன்று என்பதற்குக் கடந்த இருபது ஆண்டுகளில் வலுவான சான்றுகள் சேர்ந்துள்ளதால், இயற்பியல் கற்பிப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

நம் உடலின் செல்கள் கொலாஜன் முதலிய நார்ப்புரதங்களால் ஆன வலையைப் பற்றிக்கொண்டு வாழ்கின்றன. அந்த வலையைச் செல்கள் ஓயாமல் இழுத்துப் பார்க்கின்றன. அது எவ்வளவு விட்டுக்கொடுக்கிறது என்பதை இன்டெக்ரின் என்னும் புரதங்கள் வழியாக உணர்ந்து, பெருகுவதா அடங்கியிருப்பதா என்பதை ஓரளவு அதைக்கொண்டே முடிவுசெய்கின்றன. உயிரியல் ஆய்வாளர் வலேரி வீவரின் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், எலியின் இயல்பான பால்சுரப்பித் திசுவின் விறைப்பு 200 பாஸ்கலுக்கும் (பாஸ்கல் என்பது விறைப்பை அளக்கும் அலகு) குறைவாகவும், அங்கு வளர்ந்த கட்டியின் விறைப்பு 4,000 பாஸ்கல் அளவிலும் இருந்தன. ஒழுங்காக அமைந்து வளரும் மார்பகச் செல்களை விறைப்பான கூழ்மத்தில் (ஜெல்) வளர்த்தபோது, அவை அந்த ஒழுங்கை இழந்து கட்டுக்கடங்காமல் பெருகின. கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கும் லைசில் ஆக்சிடேஸ் என்னும் நொதியைத் தடுத்தால் எலிகளில் கட்டி உருவாவது தாமதப்படுகிறது என்று 2009இல் அதே குழுவினர் காட்டினர். நொதியைத் தடுத்ததும் விளைவு மாறியது என்பதால்தான் இறுக்கத்தைக் காரணங்களின் வரிசையில் வைக்கத் துணிகிறோம்.

இறுக்கம் ஒருபுறமிருக்க, குறுகிய இடத்துக்குள் பெருகும் கட்டி தன்னையே நெருக்கிக்கொள்கிறது. அதனுள் இருக்கும் மெல்லிய இரத்த நாளங்களும் நிணநீர் நாளங்களும் அந்த நெருக்குதலில் நசுங்குகின்றன. புதிதாக முளைக்கும் நாளங்களோ ஒழுகுகின்றன. வெளியேற வழியில்லாத நீர் தேங்கி உள்ளழுத்தம் உயர்வதால், இரத்த நாளத்தில் ஏற்றிய மருந்து கட்டியின் நடுப்பகுதிக்குப் போய்ச் சேர்வதே கடினமாகிறது. ஆக்சிஜனும் அங்கே குறைவதால் கதிர்வீச்சுச் சிகிச்சையின் பயனும் குறைகிறது. கட்டிகளில் செயல்படும் விசைகளை ஆராயும் இத்துறைக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவரான ராகேஷ் ஜெயினின் ஆய்வகம், இறுகிய கூழ்மத்துக்குள் செல் உருண்டைகளை வளர்த்து, நெருக்குதல் கூடக்கூட வளர்ச்சி மட்டுப்படுவதை 1997இல் கண்டது. அப்படியானால் அழுத்தம் நல்லதுதானே என்று கேட்கத் தோன்றும். ஆனால் அதே நெருக்குதல் சிலவகை மார்பகப் புற்றுச் செல்களை விளிம்பிலிருந்து பிரிந்து நகரத் தூண்டுகிறது என்பது பின்னாளில் தெரியவந்தது. வளர்ச்சியைத் தடுக்கும் விசை பரவலுக்குத் துணைபோகலாம் என்னும் இந்த முரண்பாட்டை வாசகர்களுக்கு எடுத்துச்சொல்வது முக்கியம் என்று கருதுகிறேன்.

இறுக்கத்தைக் கரைத்தால் நோய் அடங்கிவிடும் என்ற அவசர முடிவுக்கும் இடமில்லை. கணையப் புற்றில் கட்டியின் பெரும்பகுதி நார்த்திசுவே. அங்கு நீரைப் பிடித்துவைத்து வீக்கம் தரும் ஹயலூரோனிக் அமிலத்தைச் சிதைக்கும் ஒரு நொதி மருந்து மிகுந்த எதிர்பார்ப்புடன் சோதிக்கப்பட்டது. மூன்றாம் கட்டச் சோதனையில் அது நோயாளிகளின் ஆயுளை நீட்டவில்லை என்பது 2019இல் வெளிவந்தது. அதற்கு முன்பே, நார்த்திசுவை உண்டாக்கும் செல்களை எலிகளில் அகற்றியபோதோ குறைத்தபோதோ புற்று மேலும் மூர்க்கமானதை 2014இல் இரு ஆய்வுகள் காட்டியிருந்தன. அந்தத் திசு நோய்க்கு வேலியாகவும் இருந்திருக்கிறது போலும்! இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் லோசார்ட்டான் நசுங்கிய நாளங்களைத் திறந்து மருந்துக்கு வழிவிடுவதாக எலிகளில் கண்டது நம்பிக்கை தருவதுதான். அதற்காக யாரும் தாமாக அந்த மாத்திரையை வாங்கி விழுங்கிவிடக் கூடாது.

பரவும் செல்லுக்கும் விசைகளின் சோதனை உண்டு. திசுவின் நுண்துளைகளில் நுழையும்போது செல்லின் மற்ற பகுதிகள் எளிதில் நெளிந்துகொடுத்தாலும், அதன் உட்கரு விறைப்பானது. அது நசுங்கி உறை கிழிவதையும், டிஎன்ஏ சேதமடைவதையும், பின் செல் அதைச் சரிசெய்துகொண்டு நகர்வதையும் 2016இல் இரு குழுக்கள் பதிவு செய்தன. இரத்த ஓட்டத்தில் கலக்கும் புற்றுச் செல்களில் மிகப்பெரும்பாலானவை வேறோர் உறுப்பில் வேரூன்றாமலே மடிகின்றன.

இதைப் படிப்பவர்களுக்கு, பரிசோதனைக்காகக் கட்டியில் ஊசி பட்டால் புற்று பரவிவிடும் என்ற பழைய அச்சம் வலுப்படக்கூடும். ஊசி சென்ற தடத்தில் செல்கள் தங்குவது பெரும்பாலான கட்டிகளில் அரிது. அந்த வாய்ப்பு கூடுதலான இடங்களில் மருத்துவர்கள் அதைக் கருதியே முறையைத் தேர்கிறார்கள். பரிசோதனையைத் தள்ளிப்போடுவதால் வரும் கேடு அதைவிடப் பெரிது. அதேபோல், மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்-கதிர்ப் பட அறிக்கையில் குறிப்பிடப்படும் மார்பக அடர்த்தி கையால் உணரும் கெட்டித்தன்மை அன்று; படத்தில் தெரியும் சுரப்பி, நார்த்திசுக்களின் அளவே அது. மிக அடர்ந்த மார்பகம் உள்ள பெண்களுக்கு, அடர்த்தி மிகக் குறைந்தவர்களைவிட நோய்க்கான வாய்ப்பு நான்கைந்து மடங்கு என்பதால், அந்தச் சொல் தம் அறிக்கையில் இருந்தால் அதன் பொருளை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். தங்கள் அடுத்த கட்டுரையில் இவ்விரண்டையும் ஒரு புற்றுநோய் மருத்துவரைக் கொண்டே விளக்கச் செய்யுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்