அப்பாவோட நோட்டுகளைக் காப்பாத்திக் குடுத்தவருக்கு

பேர் போட வேணாம்னு நீங்க சொன்னதால போடல சார், ஆனா நன்றி சொல்லாம இருக்க முடியல. அப்பா வாழ்நாள் பூரா படிகங்கள் மேல எக்ஸ்ரே செலுத்தி, அது சிதறி விழுற புள்ளிகளை வச்சு அணுக்கள் எங்கெங்க இருக்குன்னு கணக்கு போட்டவர், அவர் போனப்புறம் எங்ககிட்ட மிஞ்சினது அந்த லேப் நோட்டுகதான், அதுவும் பைப் உடைஞ்சு மொத்தமா நனைஞ்சிடுச்சு. நீங்கதான் போன்லயே பொறுமையா சொன்னீங்க, ஒட்டின பக்கத்தைப் பிரிக்காதீங்க, வெயில்ல வைக்காதீங்க, 48 மணி நேரத்துல பூஞ்சை புடிக்க ஆரம்பிச்சிடும், உடனே கவர்ல போட்டு ஃப்ரீசர்ல வைங்கன்னு. அப்புறம் நீங்களே வாங்கிட்டுப் போய் வெற்றிடத்துல வச்சு, ஐஸ் தண்ணியாகாம நேரா ஆவியாப் போற மாதிரி உலர்த்தி, எழுத்து கலையாம திருப்பிக் குடுத்தீங்க, காசும் வாங்கல.

எக்ஸ்ரே சிதறுற கோணத்தை வச்சு அணு அடுக்குகளோட இடைவெளியைக் கண்டுபிடிக்கிற பிராக் சமன்பாட்டுக்குப் பக்கத்துலயே அப்பா எனக்கு ராத்திரி எவ்ளோ ஜுரம்னு மணி போட்டு எழுதி வச்சிருக்கார்! 1915ல அப்பாவும் மகனுமா சேர்ந்து நோபல் வாங்கின அந்த பிராக்குகள் கதையைச் சொல்லித்தான் தம்பியைத் தூங்க வைப்பார், மகனுக்கு அப்போ 25 வயசுதான்னு சொல்றப்போ அவ்ளோ சந்தோஷம் அவருக்கு. அம்மா இப்போ தினமும் அந்த நோட்டைப் புரட்டுறாங்க. உங்களை நேர்ல பார்த்து நன்றி சொல்லணும்ங்கறாங்க, ஒரு நாள் வீட்டுக்கு வாங்க சார்.