குழித்துறையில் இறங்கும் முன்

தக்கலை

மக்களே,

கல்யாணம் வேண்டாம் என்று நீங்கள் இரண்டு பேரும் எடுத்த முடிவைப் பற்றி இதில் ஒரு வார்த்தையும் எழுதப் போவதில்லை. பிள்ளைக்கு நாலரை மாசம் ஆயிற்று. அவளுக்கு நீ அப்பனாக இருப்பதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று மட்டும் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

1956-ஆம் ஆண்டு இந்து மைனர் காப்பாளர் சட்டத்தின்படி, கல்யாணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்குத் தாய்தான் காப்பாளர். தாய்க்குப் பிறகே தகப்பன். நாளைக்கு உங்களுக்குள் பேச்சு முறிந்தால், பிள்ளையைப் பார்ப்பதற்கு நீ 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர், காக்கப்படுவோர் சட்டத்தின் கீழ் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டிவரும். அங்கே பிள்ளையின் நலனைத்தான் முதலில் பார்ப்பார்கள். அதுவரைக்கும் அவளுக்காக நீ என்ன செய்தாய் என்ற கேள்வியும் வரும். ஆனால் கடமைக்கு யாரும் காத்திருக்க வேண்டாம். பிறந்த அன்றைக்கே அது உன் தலையில் ஏறிவிட்டது. ஜீவனாம்சம் என்று வந்தால் கல்யாணத்தில் பிறந்த பிள்ளை, வெளியே பிறந்த பிள்ளை என்று சட்டம் பிரிப்பதே இல்லை.

பிறப்புச் சான்றிதழில் உன் பெயர் ஏறுமா என்று கேட்டிருந்தாய். தகப்பன் பெயரைச் சொல்லச் சொல்லித் தாயைக் கட்டாயப்படுத்தாமலே சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் அவள் மனசு வைத்தால்தான் உண்டு. சம்மதித்தாள் என்றால் இரண்டு பேரும் ஒன்றாகப் போய் எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போடுங்கள். பிள்ளையின் பெயரைப் பதிய 12 மாசம் வரை கட்டணம் கிடையாது, அதற்குப் பிறகு தாமதக் கட்டணம் உண்டு. பெயரும் எழுத்தும் உங்கள் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும். இனிஷியல் ஒரு இடத்தில் முன்னால், இன்னொரு இடத்தில் விரித்து என்று விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் நேரத்தில் அலைபவர்கள் நிறையப் பேர். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பிறந்த தேதிக்கும் ஊருக்கும் இந்த ஒரு சான்றிதழ்தான் ஆதாரம் என்பதால், இதில் வரும் பிழை மற்ற எல்லாக் காகிதத்திலும் ஏறிவிடும். அவள் தன் இனிஷியலையே பிள்ளைக்கு வைக்கிறேன் என்றால் அதில் மல்லுக்கு நிற்காதே. இனிஷியலுக்காகச் சண்டை போட்டுப் பிள்ளையின் முகத்தையே பார்க்க முடியாமல் போனால் உனக்குத்தான் நஷ்டம்.

பணத்தை மாசம் 5-ஆம் தேதிக்குள் அவள் கணக்குக்கு நேரே அனுப்பு. பேங்கில் தானாகப் போகும்படி எழுதிக் கொடுத்துவிட்டால் மறதிக்கே இடமில்லை. சொந்தக்காரர் கையில் ரொக்கமாகக் கொடுத்து விடாதே. கொடுத்ததற்கும் கிடைத்ததற்கும் கணக்கு இருக்காது. ‘பணம் தந்தேன், பிள்ளையைக் காட்டு’ என்ற பேச்சு உன் வாயில் வரவே கூடாது, கேட்டியா. சம்பளம் குறைந்த மாசம் முன்கூட்டியே சொல்லிவிட்டுக் குறைத்து அனுப்பு, அனுப்பாமல் மட்டும் இருந்துவிடாதே.

தபால் ஆபீசில் செல்வமகள் சேமிப்புக் கணக்கைப் பிள்ளையின் அம்மையே தொடங்கட்டும், பணத்தை நீ கட்டு. வருஷத்துக்குக் குறைந்தது 250 ரூபாய், கூடினால் ஒன்றரை லட்சம். 15 வருஷம் கட்டினால் 21-ஆம் வருஷம் முதிரும். ஒரு பிள்ளைக்கு ஒரு கணக்குதான், அவள் வீட்டார் ஏற்கெனவே தொடங்கியிருக்கிறார்களா என்று முதலில் கேட்டுக்கொள்.

பலரும் விட்டுவிடுவது உயில். வாரிசுச் சட்டம் இப்படிப் பிறந்த பிள்ளையைத் தாயின் உறவாகத்தான் கணக்கில் எடுக்கும். நீ எழுதி வைக்காமல் போனால் உன் சொத்தில் பிள்ளை பங்கு கேட்பது பெரும்பாடு. வெள்ளைத் தாளில் எழுதினாலே செல்லும், முத்திரைத் தாள் வேண்டாம். நீ கையெழுத்துப் போடுவதைப் பார்த்து இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். பிள்ளையின் அம்மையைச் சாட்சியாகப் போடாதே. சார்பதிவாளர் ஆபீசில் பதிந்துவிட்டால் பின்னால் வம்பு குறையும். இன்சூரன்சில் பிள்ளையை நாமினியாகப் போட்டால், அவள் மைனர் என்பதால் பணத்தை வாங்க ஒரு பெரியவர் பெயரும் சேர்க்க வேண்டும். அதற்கு அவள் அம்மையின் பெயரே போதும்.

இனி நீ வரும் நாட்கள். அனந்தபுரி ரயிலில் ஏறினால் குழித்துறையிலேயே இறங்கலாம், மார்த்தாண்டம் பக்கம்தான். டிக்கெட் 60 நாளுக்கு முன்பே திறந்துவிடும் என்பதால் மாசத்துக்கு இரண்டு சனிக்கிழமையைக் குறித்து அன்றே போட்டுவிடு. வருகிறேன் என்று சொல்லி வராமல் போவதைக் காட்டிலும் ஒரு சனிக்கிழமை மட்டும் தவறாமல் வருவது மேல். விருந்தாளி மாதிரி மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டுக் கிளம்பாதே. குளிப்பாட்டு, துணி மாற்று, உறங்க வை. உருக்கெண்ணெய் (தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுக்கும் எண்ணெய்) தேய்க்கும்போது மூக்கிலும் காதிலும் ஊற்றக் கூடாது. தடுப்பூசி அட்டையைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள். ஒன்பது மாசத் தட்டம்மை ரூபெல்லா ஊசிக்கு லீவு போட்டு வந்து உன் மடியிலேயே வைத்துப் போட்டுவிடு.

ஆறு மாசம் முடிந்ததும் ஏத்தங்காய்ப் பொடி (நேந்திரங்காய்ப் பொடி) கொடுப்பார்கள், அதைக் காய்ச்ச நீயும் பழகு. பச்சை ஏத்தங்காயைத் தோல் சீவி மெல்லிசாக அரிந்து, ஒடித்தால் சடக்கென்று ஒடியும் வரை வெயிலில் காய வைத்துப் பொடித்து, மெல்லிய துணியில் சலிக்க வேண்டும். நம் ஊரில் ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. ஈரம் நின்றால் பூசணம் பிடிக்கும், அந்தப் பொடியைக் கொட்டிவிட வேண்டியதுதான். ஒரு கரண்டிப் பொடியை ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் கரைத்த பிறகே அடுப்பில் வை. சுடுதண்ணீரில் போட்டால் கட்டி கட்டியாகிவிடும். சிறு தீயில் கிண்டிக்கொண்டே இரு, மாவு நிறம் மாறிப் பளபளப்பாக வரும். அதற்கு முன் இறக்கினால் வேகாத மாவு வயிற்றைப் படுத்தும். முதலில் இரண்டு மூன்று ஸ்பூன், நாளுக்கு ஒரு வேளை. சீனியும் உப்பும் வேண்டாம். ஒரு வயசு வரை தேன் நாக்கில் தொட்டும் வைக்கக் கூடாது, யார் சொன்னாலும். இதை மட்டுமே கொடுத்தால் இரும்புச்சத்து போதாது, ஆகவே பருப்பு, முட்டை, முள் எடுத்த மீன் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சொல்.

பிள்ளையைக் காலை ஒன்பது மணிக்குக் குளிப்பாட்டுவார்கள். ரயிலில் இறங்கியதும் ஓட்டலில் உட்கார்ந்துவிடாதே, நேரே அங்கே போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் பிள்ளையை வாங்கு.

அம்மை