ரூட்டருக்குள் நிற்கும் வரிசை

அன்புள்ள சீனு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். சண்முகம் இன்னும் கடனைத் திருப்பவில்லை. அவனைப் பற்றி அதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.

மகளின் போனிலிருந்து வீடியோ கிளவுடுக்கு ஏறும்போதெல்லாம் உன் ஆபீஸ் ஆன்லைன் கால் திக்குகிறது, அதனால் 300 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறப் போகிறாயாமே. பணத்தைக் கட்டிவிடாதே, பொறு. நெட் படுத்தால் பிளானை ஏற்று என்பது பாபு அண்ணன் வைத்தியம். அவர் கைக்கு எந்த நோயாளி பிழைத்திருக்கிறார்?

முதலில் லேப்டாப்பை கேபிளில் இணை. வைஃபையின் வியாதி வேறு, இரண்டையும் கலக்காதே. 8.8.8.8 என்ற கூகுள் சர்வருக்கு பிங் ஓடவிடு, சேதி போய்த் திரும்ப எவ்வளவு நேரம் என்று அது சொல்லும். யாரும் நெட்டைத் தொடாதபோது 10, 20 மில்லிசெகண்ட் காட்டும். அது ஓடும்போதே ஒரு பெரிய ஃபைலை அப்லோடு செய். பிங் 300, 500 என்று ஏறினால் இது பஃபர்ப்ளோட், அதாவது டேட்டா காத்து நிற்கும் இடமான பஃபர் அளவுக்கு மீறிப் பெருத்த நோய்.

கணக்கு எளிது. டேட்டா பாக்கெட் என்ற சிறு துண்டுகளாகத்தான் போகும். மோடத்தில் 1000 பாக்கெட் நிற்க இடம் என்று வை. ஒன்றுக்கு 1500 பைட் வீதம் 12 மெகாபிட். உன் அப்லோடு 20 எம்பிபிஎஸ். வரிசையின் வாலில் போய் நிற்கும் உன் குரலுக்கு 0.6 செகண்ட் காத்திருப்பு. டேட்டாவை அனுப்பும் வேகத்தைப் பார்த்துக்கொள்ளும் விதிமுறையான டிசிபி வழக்கமாக, இடமில்லாமல் பாக்கெட் விழும்வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். மெமரி மலிந்ததும் பாக்கெட்டை விழவிடுவதே பாவம் என்று பஃபரைப் பெருக்கித் தள்ளிவிட்டார்கள். டிசிபிக்குப் போக வேண்டிய எச்சரிக்கை தாமதமாகிறது. அப்லோடும் கூடுகிற பிளானாக இருந்தால் காத்திருப்பு குறையும். வரிசை போகாது.

இதற்கு கோடெல் என்ற மருந்தைக் கண்டவர்கள் கேத்லீன் நிக்கோல்ஸும் வேன் ஜேக்கப்சனும், 2012-ல். 1986 அக்டோபரில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே, வெறும் 400 கெஜ தூரத்தில், 32 கிலோபிட் வேகம் 40 பிட்டாகச் சரிந்தபோது டிசிபிக்கு நெரிசலில் ஒதுங்கக் கற்றுக்கொடுத்த அதே ஜேக்கப்சன். 1993-ல் சாலி ஃபிளாய்டுடன் சேர்ந்து, வரிசை நிரம்பும் முன்பே பாக்கெட்டை எறியும் ரெட் என்ற முறையையும் கொடுத்தார். அதில் வரிசையின் நீளத்துக்கு வரம்புகளை நாமே சரிபார்த்து வைக்க வேண்டும். அந்தத் தலைவலிக்கு அஞ்சிப் பலர் அணைத்தே வைத்தார்கள்.

கோடெல் நீளத்தைப் பார்ப்பதே இல்லை. உள்ளே வரும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் நேரமுத்திரை குத்துகிறது. வெளியே போகும்போது எவ்வளவு நேரம் நின்றது என்று பார்க்கிறது. 100 மில்லிசெகண்ட் முழுக்க, ஒருமுறைகூட காத்திருப்பு 5 மில்லிசெகண்டுக்குக் கீழே இறங்காவிட்டால், வரிசையின் தலையிலிருந்து ஒன்றைத் தூக்கி எறியும். வாலில் எறிந்தால் அனுப்பியவனுக்குச் சேதி போக நேரமாகும். அப்போதும் அடங்காவிட்டால் அடுத்தது 100 மில்லிசெகண்டில், அதற்கடுத்தது 71-ல், பிறகு 58-ல். 100-ஐ 1, 2, 3 என்பவற்றின் வர்க்கமூலத்தால் வகுத்துக்கொண்டே போகிறது. சட்டென்று வந்து வடியும் கூட்டத்தைத் தொடாது. என்ன நிதானம் பார்!

அதோடு ஒவ்வொரு இணைப்புக்கும் தனி வரிசை போட்டால் எஃப்க்யூ-கோடெல்: வழக்கமாக 1024 வரிசை. உன் குரல் மகளின் வீடியோவுக்குப் பின்னால் நிற்க வேண்டியதில்லை. இதே வழியில் அடுத்து வந்த முறையான கேக், 2018-ல் லினக்ஸ் 4.19-க்குள்ளேயே சேர்ந்தது. இதையெல்லாம் வீட்டு ரூட்டர்வரை கொண்டுவரத் தொண்டை கிழியக் கத்தியவர் டேவ் டாட். 2025 ஏப்ரலில் இறந்துவிட்டார். எல்லாவற்றையும் யாரும் எடுத்துப் பயன்படுத்தும் திறந்த நிரலாகவே விட்டுப் போனார். அவர் வேலையால் பிழைக்கிற ஆன்லைன் கால்களில் பேசுகிறவர்களுக்கு அவர் பெயர்கூடத் தெரியாது. எனக்கு அது உறுத்துகிறது.

சரி, வேலைக்கு வா. ரூட்டர், ஓப்பன்-டபிள்யூஆர்டி என்ற திறந்த மென்பொருளை ஏற்கிற மாடலா என்று பார். ஏற்றியபின் வரிசையை நிர்வகிக்கும் எஸ்க்யூஎம் பொதியை நிறுவி, கேக்கைத் தேர்ந்தெடு. அளந்த வேகத்தில் 90 சதவீதத்தைப் போடு. அங்கே அலகு கிலோபிட், 18 எம்பிபிஎஸ் என்றால் 18000. முழு வேகத்தைப் போட்டால் வரிசை மறுபடி மோடத்துக்கே போய்விடும், கேக்குக்கு வேலையே இராது. யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு இணையும் பிபிபிஓஈ இணைப்பென்றால் அந்த இன்டர்ஃபேஸையே தேர்ந்தெடு. ஓவர்ஹெட், அதாவது ஒவ்வொரு பாக்கெட்டோடும் கூடுதலாக ஒட்டிப் போகும் பைட், தெரியாவிட்டால் 44 போடு. கூடினால் நஷ்டம் கொஞ்சம்தான், குறைந்தால் வரிசை திரும்பும். ஹார்டுவேர் ஃப்ளோ ஆஃப்லோடிங்கை அணைத்துவிடு. அது இருந்தால் பாக்கெட்டுகள் கேக்கைச் சுற்றிக் குறுக்கு வழியில் போய்விடும், நீ என்னைத் திட்டுவாய்.

ஒரே இடைஞ்சல், இந்த வேலை முழுக்க சிபியு தலையில் விழும். பழைய ஒற்றைக் கோர் சிப் நூறு, இருநூறு எம்பிபிஎஸ்ஸிலேயே மூச்சு வாங்கும். அதனால் ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணையும், அப்லோடு இல்லாமலும் அப்லோடோடும் எடுத்த பிங் அளவுகளையும் அனுப்பு. பார்த்துவிட்டுச் சொல்கிறேன். பாபு அண்ணனிடம் மட்டும் காட்டாதே.

அன்புடன்,
ரகு