முந்தி இல்லாத சேலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். பணம் ஐந்தாம் தேதியே வந்துவிட்டது என்று தம்பி சொன்னான். உன் குரல்தான் ஆறு வாரமாக வரவில்லை. ஜப்பானில் படம் வரைகிற வேலை இருக்கும், புரிகிறது. குறையாகச் சொல்லவில்லை.

ஐப்பசி மழை விடவே இல்லை. தறிக்குழியில் ஈரம் ஊறிவிட்டது, பட்டு இழை விறைப்பாக நிற்க மறுக்கிறது. நான்கு நாளாகத் தறியில் உட்காரவில்லை. அத்தை மகளுக்குச் செய்யாற்றில் இடம் அமைந்திருக்கிறது, தையில் கல்யாணம். மற்றவற்றைத் தம்பி எழுதுவான்.

சும்மா இருந்த இந்த நான்கு நாளில், நீ முன்பு பார்த்த அந்த முட்டைத் தொடரைப் பார்த்தேன். வொண்டர் எக் பிரையாரிட்டி என்கிற ஜப்பானியப் பொம்மைப் படத் தொடர். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து கீழே ஓடும் எழுத்தைப் படித்து எனக்குத் தமிழில் சொன்னான். ஒரு பகுதி விடாமல் பார்த்து முடித்தேன்.

2021 ஜனவரியில் அது தொடங்கியபோது உனக்குக் கல்லூரி மூடியிருந்தது. ஒவ்வொரு வாரமும் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாய். ஜூன் கடைசியில் முடிவு வந்த அன்று நீ அழுததும், "பொம்மைப் படத்துக்கு யாராவது அழுவார்களா" என்று நான் கேட்டதும் உனக்கு மறந்திருக்காது. நீ பதில் சொல்லவில்லை, விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டாய். எதற்கு அழுதாய் என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது. கதை சோகமாக இருந்ததற்காக நீ அழவில்லை. தறியில் அவ்வளவு நன்றாக ஓடிய பாவு நூல் கடைசியில் வீணாயிற்றே என்று அழுதாய்.

முதல் பகுதியைப் பார்த்துவிட்டு நான் தம்பியிடம், இதை நெய்தவர்கள் கைகாரர்கள் என்றேன். அந்த அய் என்ற பெண், இரண்டு கண்ணும் இரண்டு நிறம், தோழி உயிரை விட்டபிறகு பள்ளிக்குப் போகாமல் அறைக்குள் கிடக்கிறாள். அவள் கழுத்தைத் திருப்புவதும், மஞ்சள் சட்டையின் தொப்பியை இழுத்துவிட்டுக்கொள்வதும் வரைந்த மாதிரியே இல்லை. காசு போட்டு முட்டை வாங்குகிறாள். முட்டைக்குள்ளிருந்து தன்னையே மாய்த்துக்கொண்ட ஒரு பெண் வருகிறாள். அவளைத் துரத்தி வருவதை இவள் அடித்து நிறுத்த வேண்டும். ஒவ்வொரு முறை காப்பாற்றும்போதும் இறந்த தோழியின் சிலை கொஞ்சம் சூடேறுகிறது. ரிக்கா, மொமோயே, நெய்ரு என்று இன்னும் மூன்று பெண்கள், அவரவருக்கு ஒரு சிலை. பெண் பிள்ளைகள் வெளியே சொல்ல முடியாத துயரத்தை இத்தனை நேராகச் சொல்ல ஒரு கதை துணிந்ததே என்று எனக்கு உடல் சிலிர்த்தது. பெண்ணைப் பெற்றவன் என்பதாலும் இருக்கலாம்.

நீ சொன்னதையெல்லாம் நான் மறக்கவில்லை. மங்கா என்கிற படக்கதைப் புத்தகமாக வந்த கதையைத் தொடராக எடுப்பது ஒரு வகை, யாரும் முன்பு எழுதாத கதையைப் புதிதாக எடுப்பது வேறு வகை என்றாய். எனக்கு அது தறிப் பேச்சாகத்தான் புரிந்தது. மங்கா இருந்தால் பூ வேலைக்குத் துளை போட்ட அட்டை வெட்டி வைத்தது போல. தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் அட்டை புரளப் புரளப் பூ தானாக விழும். இந்தத் தொடருக்கு அட்டை கிடையாது. கதை எழுதிய நோஜிமா ஷின்ஜி, நடிகர்கள் நடிக்கும் தொலைக்காட்சி நாடகங்களில் பெயர் வாங்கியவர், அனிமே என்கிற இந்தப் பொம்மைப் படத்துக்கு முதல் தடவையாக எழுதுகிறார். வகபயாஷி ஷின்னுக்கும் இயக்குநராக இதுதான் முதல் தொடர். முதல் சேலையிலேயே இப்படி ஒரு வேலை செய்தவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். அதனால்தான் முடிவை மன்னிக்க முடியவில்லை.

எட்டாவது வாரம் புதிதாக ஒன்றும் வரவில்லை, பழைய காட்சிகளையே கோத்துப் போட்டுவிட்டார்கள். தொலைக்காட்சியில் நேரம் முன்பே குறித்தாயிற்று, வரைந்து முடியாவிட்டாலும் அந்த நேரத்தில் ஏதாவது ஓடியாக வேண்டும் என்று அன்று நீ எனக்கு விளக்கினாய். அந்த ஒரு வாரம் கையை விட்டுப் போனதில் மார்ச் கடைசிக்குள் கதை முடியவில்லை. மூன்று மாதம் காத்திருந்தால் ஒரு சிறப்புப் பகுதி வருகிறது, அதிலும் பாதி பழைய காட்சிகள். மிச்சப் பாதியில் என்னதான் சொல்ல முடியும்? ஃப்ரில் என்று இயந்திரப் பெண் ஒருத்தியைப் பதினோராவது பகுதியில் கொண்டுவந்தார்கள். எல்லாச் சாவுக்கும் அவள் பக்கம் கை காட்டினார்கள். பிறகு அவளோடு எந்தக் கணக்கும் தீரவில்லை. நெய்ரு காணாமல் போகிறாள். மற்ற பெண்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விடுகிறார்கள். அய் தன் தோழிக்காகப் பட்ட பாடு என்ன ஆயிற்று என்று தம்பியை மூன்று முறை கேட்டேன். அவனுக்கும் சொல்லத் தெரியவில்லை.

சேலையின் உடல் ஒரு நிறம், முந்தி ஒரு நிறம் என்றால் நாம் எப்படிச் செய்கிறோம்? பழைய பாவின் இழைகளைப் புதிய பாவோடு பிணைத்து, கொஞ்ச தூரம் இரண்டையும் சேர்த்தே நெய்து, அதற்குப் பிறகுதானே பழையதை வெட்டி எடுக்கிறோம். இப்படிப் பேட்டு போடும் நாளில் வீட்டில் யாரும் உரக்கப் பேசக்கூடாது என்று தாத்தா சொல்வார். ஃப்ரில் கதையை அவர்கள் பேட்டு போடாமல் கொண்டுவந்து ஒட்டிவிட்டார்கள். அந்தப் பெண்களின் துயரத்தோடு ஒரு இழைகூடப் பிணையவில்லை. சேலையின் உடலை விரித்துப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். முந்தி இல்லை.

இதை நான் யார் மேலும் பழியாகச் சொல்லவில்லை. கதையில் குறை இருக்கிறது, அது எழுதியவரைச் சேரும். ஆனால் அவசரத்தில் உட்கார்ந்து வரைந்த பிள்ளைகளின் கையை நினைத்துப் பார்த்தேன். இரண்டு அசைவுக்கு இடையில் வரும் படங்களைத்தான் நீ வரைகிறாய், ஒரு தாளுக்கு 200 யென் போலக் கூலி என்று முதல் வருடம் சொன்னாய். எனக்கு அப்போதே திக்கென்றது. நமக்கும் சேலைக்கு இவ்வளவு என்றுதானே கூலி. உட்கார்ந்தால்தான் காசு, எழுந்தால் இல்லை.

நீ வேலை செய்த படத்தில், பெயர்கள் ஓடும் இடத்தில் உன் பெயர் வந்ததைத் தம்பி நிறுத்திக் காட்டினான். எனக்கு அந்த எழுத்து படிக்கத் தெரியாது. இதுதான் அக்கா பெயர் என்று அவன் விரல் வைத்த இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிள்ளையார்பாளையத்தில் நான் காட்டாத ஆள் இல்லை. நெசவாளர் சங்கத்துக்குப் போனபோதும் காட்டினேன். சாயம் போடுகிற பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். அவ்வளவு பெருமை எனக்கு. ஆனால் அந்தப் பெயர் வந்ததைக்கூட நீ சொல்லவில்லை, உன் தோழி சொல்லித் தம்பிக்குத் தெரிந்தது. நல்லதையே சொல்லாத பெண் மற்றதை எங்கே சொல்லப் போகிறாள் என்று அம்மா கேட்கிறாள்.

வேளைக்குச் சாப்பிடு. பெட்டியில் அடைத்த சோற்றையே தின்றுகொண்டிருக்காதே. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து நட. கைக்கு ஓய்வு கொடு.

புரட்டாசியில் வீடியோவில் வந்தாயே, கடைசியாக. பேசிக்கொண்டே சட்டைக் கையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டாய். அங்கே அதற்குள் குளிர் வந்துவிட்டதா என்று அம்மா கேட்டாள், ஆமாம் என்றாய். டம்ளரை நீ இடது கையால் எடுத்தாய் பாப்பா. அம்மா கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். அன்றே கேட்டிருக்க வேண்டும், வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்று இந்த மழையில் உட்கார்ந்து யோசித்தேன். வலது கையைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

அம்மாவின் கை வியாபாரி செய்த அவசரத்தால்தான் போனது என்று நம் வீட்டில் எல்லோரும் சொல்கிறோம். நீயும் அப்படித்தான் வளர்ந்தாய். அந்தக் கடை வழியாகப் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாய். அது உண்மை இல்லை. வியாபாரி தை வரைக்கும் நாள் கொடுத்திருந்தார். கார்த்திகை பிறப்பதற்குள் மூன்று சேலையும் தருகிறேன், கூலி கூட்டித் தாருங்கள் என்று கேட்டவன் நான். கூடுதலாக 3,000 ரூபாய். இரண்டாவது தறி போட ஆசை. கரையை வேறு நிறத்தில் இணைக்கும் கோர்வைக்கு அந்தப் பக்கம் உட்கார ஒரு ஆள் வேண்டும், ஆளுக்குக் கூலி கொடுத்தால் அந்தப் பணம் கையில் நிற்காது. அம்மாவை உட்கார வைத்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கை வீங்கியபோது வைத்தியரிடம் கூட்டிப்போனேன் அல்லவா. அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, ஒரு மாதம் இந்தக் கை தறி நாடாவைத் தொடக்கூடாது என்று என்னிடம் கண்டித்துச் சொன்னார். நான் வெளியே வந்து அவளிடம் ஒரு வாரம் என்றேன். அவள் நம்பினாள். எட்டாம் நாள் காலையில் கோலம் போட்டுவிட்டு அவளாகவே வந்து தறியில் உட்கார்ந்தாள். நான் தடுக்கவில்லை. உனக்கு அப்போது ஒன்பது வயது, பள்ளிக்கூடம் விட்டு வந்து அவளுக்கு நெற்றி துடைத்துவிடுவாய். இன்றைக்கு அவள் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடிக்கிறாள். இரண்டாவது தறி திண்ணையில் கழற்றிக் கிடக்கிறது. அதை விறகுக்குக்கூடக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்த மூன்று சேலையும் நன்றாகத்தான் வந்தன. முந்தி, பேட்டு எதிலும் ஒரு குறை சொல்ல முடியாது. யாரோ கட்டிக்கொண்டு கல்யாணத்தில் நின்றிருப்பார்கள். அந்தத் தொடரைப் பார்க்கும்போது, எட்டாவது வாரம் ஒன்றும் வராமல் போனதே என்று முதலில் கோபப்பட்டேன். பிறகு அந்த ஒரு வாரம் யாராவது ஒரு பிள்ளை கையை நீட்டிப் படுத்துத் தூங்கியிருக்குமா என்று நினைத்தேன். தூங்கியிருந்தால் முடிவு கெட்டதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. அப்படிக்கூட நடந்திருக்காது என்றுதான் தோன்றுகிறது.

உன்னை வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆசைப்பட்டுப் போனாய். ஆனால் வைத்தியரிடம் போ. அவர் ஒரு மாதம் என்றால் ஒரு மாதம்தான். முடிக்க வேண்டிய தாள் பாதியில் நின்றால் நிற்கட்டும், அதை வேறு யாராவது வரைவார்கள். இந்த மாதம் பணம் அனுப்பாதே. தம்பிக்குக் கட்ட வேண்டியது கட்டியாயிற்று. சாப்பிடு, தூங்கு, கைக்கு ஓய்வு கொடு. முன்பே எழுதிவிட்டேன், இருந்தாலும் எழுதுகிறேன்.

அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்த்துவிட்டு வந்து இன்றைக்கே சொல்லப்போகிறேன். அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன்.

கடிதம் கைக்குக் கிடைத்ததும் வீடியோவில் கூப்பிடு. சட்டைக் கையை முழங்கை வரைக்கும் மடித்துவிட்டுக்கொண்டு பேசு. அம்மா பக்கத்தில் இருப்பாள்.

இப்படிக்கு,
அப்பா